பெட்டி கிடைக்கவில்லையா? நெல்லைச் சீமையில் பல கட்ட ஜியோகேச் வேட்டைக்குப் பிழை நீக்கும் வழிமுறை

ஜியோகேச் என்பது, ஒருவர் ஒளித்துவைத்த பெட்டியை ஜிபிஎஸ் எண்ணை வைத்துத் தேடும் விளையாட்டு. அந்தப் பெட்டி கண்ணில் படவில்லை என்றதும் பலரும் செய்வது ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் ஆழமாகக் கையை விட்டுத் துழாவுவார்கள். கல் இடுக்கு, மண்டபத் தூணடி, மதில் பொந்து என்று ஒன்றையும் விடமாட்டார்கள். நெல்லைச் சீமையில் இதைச் செய்யவே கூடாது. இங்கே நாம் கை வைக்கிற கல்லுக்கு நானூறு, ஐந்நூறு வயது இருக்கும். ஒரு சில்லு பெயர்ந்தால் ஒட்டவைக்க ஆள் கிடையாது. அதோடு, பல கட்ட வேட்டையில் பிழை பெரும்பாலும் கையில் இருக்கும் தாளில்தான் இருக்கும், தரையில் இருக்காது. எங்கே பிசகியது என்பதை நீங்கள் வந்து நிற்கும் இடமே சொல்லிவிடும். எவ்வளவு தூரம் தள்ளி வந்திருக்கிறீர்கள், எந்தப் பக்கமாகத் தள்ளி வந்திருக்கிறீர்கள் என்ற இரண்டையும் முதலில் பாருங்கள்.

விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு ஒரு வரி. ஜிபிஎஸ் அலையில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே 2 அன்று நிறுத்தியது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியை ஒளித்துவைத்து, அதன் கோஆர்டினேட்டை (இடத்தைக் குறிக்கும் அட்சக்கோட்டு, தீர்க்கக்கோட்டு எண்ணை) இணையத்தில் போட்டார். ஜியோகேச்சிங் அப்படித் தொடங்கியது. பல கட்ட வேட்டையில் முதல் இடம் இரண்டாம் இடத்துக்கான எண்ணைத் தரும், அது மூன்றாவதற்கு, இப்படியே போய்க் கடைசியில்தான் பெட்டியும் கையெழுத்துப் போடும் தாளும்.

கீழே உள்ள உதாரணங்களுக்கு ஒரு வேட்டையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டவுன் நெல்லையப்பர் கோயில், சுலோசன முதலியார் பாலம், பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம், கிளாரிந்தா ஆலயம். இந்த நாலு இடத்திலும் எண்ணை மட்டும்தான் எடுக்கிறோம். பெட்டி இருப்பது பாளையில், முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கிய ஒரு கடை வாசலில். பழைய கட்டடத்தில் எண், புதிய இடத்தில் பெட்டி. நம் ஊரில் வேட்டை அமைப்பவர் யாராக இருந்தாலும் இதைக் கைவிடக் கூடாது.

நிற்பது டவுனில், போன் காட்டுவதோ மேற்குத் தொடர்ச்சி மலையை

எண்ணை அடித்த முறையில் கோளாறு. ஜியோகேச்சில் வழக்கமாக டிகிரியும் தசம நிமிடமுமாக எழுதுவார்கள்: வ 8° 43.650′, கி 77° 41.300′ (வ வடக்கு, கி கிழக்கு). இதை அப்படியே வரைபடச் செயலியில் 8.43650, 77.41300 என்று அடித்தால் நிமிடம் டிகிரியின் தசமமாகிவிடும். நிமிடத்தை 60ஆல் வகுத்த பிறகுதான் டிகிரியோடு சேர்க்க வேண்டும். 43.650 ÷ 60 = 0.72750, ஆக 8.72750. அதேபோல 41.300 ÷ 60 = 0.68833, ஆக 77.68833. இது டவுன் கோயில் பக்கம். முதலில் அடித்த எண்ணோ உங்களைத் தெற்கே 32 கிலோமீட்டரும் மேற்கே 30 கிலோமீட்டரும் தள்ளி, நேர்கோட்டில் ஏறத்தாழ 44 கிலோமீட்டருக்கு அப்பால், மலைக்குள் கொண்டுபோய் விடுகிறது.

இந்தப் பிழை எப்போதும் தென்மேற்கில்தான் தள்ளும். 60ஆல் வகுக்க வேண்டியதை 100ஆல் வகுத்த மாதிரி ஆகிவிடுவதால் தவறான எண் சரியான எண்ணைவிடச் சிறியதாகத்தான் வரும். தெற்கே மட்டும் தள்ளியிருந்தால் அட்சக்கோட்டை மட்டும் மாற்றாமல் விட்டிருக்கிறீர்கள். மேற்கே மட்டும் என்றால் தீர்க்கக்கோட்டை. பெரும்பாலான செயலிகள் டிகிரிக் குறியோடு அடித்தால் தாமாகவே புரிந்துகொள்ளும். வாட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்பி இன்னொருவர் திருப்பி அடிக்கும்போதுதான் அந்தக் குறி விழுந்துவிடுகிறது.

சில நூறு மீட்டர் விலகல், அதுவும் வடகிழக்கில்

இது மேலே சொன்னதற்கு நேர் எதிரான பிழை. 43.300 நிமிடம் என்பதை 43 நிமிடம் 30 விநாடி என்று படித்திருக்கிறீர்கள். 0.300 நிமிடம் என்றால் 18 விநாடிதான். பாளையில் ஒரு கட்டம் வ 8° 43.300′, கி 77° 44.200′ என்று வைத்துக்கொள்வோம். விநாடியாகப் படித்தால் வடக்கே ஏறத்தாழ 370 மீட்டரும் கிழக்கே 245 மீட்டரும் தள்ளிப் போவீர்கள். எந்தத் திசையிலும் விலகல் 750 மீட்டரைத் தாண்டாது, ஒருபோதும் தெற்கிலோ மேற்கிலோ தள்ளாது. தசமத்தில் 600க்கு மேல் இருந்தால் 60 விநாடிக்கு மேல் ஆகிவிடும். பல செயலிகள் அதை ஏற்காது. செயலி எண்ணை வாங்க மறுத்தாலே இந்தப் பிழையைச் சந்தேகியுங்கள்.

இடம் பொருந்துகிற மாதிரி இருக்கிறது, ஆனால் கடையும் இல்லை, பெட்டியும் இல்லை

ஒரே ஒரு இலக்கம் தவறு. எந்த இலக்கம் என்பதைத் தூரமே சொல்லும். அட்சக்கோட்டில் தசமத்தின் முதல் இலக்கம் ஒன்று கூடினால் அல்லது குறைந்தால் 184 மீட்டர் விலகும், இரண்டாம் இலக்கம் என்றால் 18 மீட்டர், மூன்றாம் இலக்கம் என்றால் 2 மீட்டருக்கும் குறைவு. தீர்க்கக்கோட்டிலும் நம் ஊரில் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான், சிறிது குறையும். ஆகவே மூன்றாம் இலக்கத்தைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். திறந்த வானத்தில் போன் ஜிபிஎஸ்ஸே ஐந்து மீட்டர் வரை முன்பின் காட்டும்.

இந்த வேட்டையில் அடிக்கடி வழுக்கிவிடும் இடம் ஊசிக்கோபுரம். பாளையங்கோட்டைத் தூய திரித்துவ ஆலயத்தை ரேனியஸ் பாதிரியார் கட்டியது 1826இல். ஊர் முழுக்க அடையாளமாகச் சொல்லும் அந்த ஊசி போன்ற கோபுரம் 1845இல் சேர்ந்தது. குறிப்பில் ‘ஊசிக்கோபுரம் கட்டிய ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம்’ என்று இருந்தால் ஒரு குழு 26 எழுதும், இன்னொரு குழு 45 எழுதும். சூத்திரம் வ 8° 43.3அஆ′ என்றால் ஒருவருக்கு 43.326, மற்றவருக்கு 43.345. இடைவெளி 35 மீட்டர், ஒரு தெருவுக்கு அடுத்த தெரு. ஆக, வடக்கிலோ தெற்கிலோ முப்பது நாற்பது மீட்டர் விலகினால் கோபுரத்துக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை. தாளில் இரண்டு ஆண்டையும் எழுதி, இரண்டு இடத்தையும் போய்ப் பாருங்கள். வேட்டை அமைப்பவருக்குச் சொல்வது: ‘ஆலயம்’ என்றோ ‘கோபுரம்’ என்றோ ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஓர் இலக்கம் வர வேண்டிய இடத்தில் இரண்டு இலக்கம் வந்துவிட்டதா? 1+8+2+6 = 17 என்று நிறுத்திவிட்டீர்கள். 1+7 = 8 வரைக்கும் போக வேண்டும் என்று குறிப்பில் எங்காவது இருக்கும். தேதியைக் கேட்கும் குறிப்பிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது 16-10-1799. நாள் முதலா, மாதம் முதலா என்று சொல்லாமல் விட்டால் 1610 ஒரு இடம், 1016 இன்னொரு இடம்.

கல்லில் ஆண்டு இருக்கிறது, ஆனால் கணக்குக்கு ஒத்துவரவில்லை

நெல்லைப் பக்கம் கல்லில் எண் எடுக்கிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இது. இதில் மூன்று வகைக் கோளாறு வரும்.

முதலாவது, தமிழ் எண். ௧ என்பதைக் ‘க’ என்றும், ௨ என்பதை ‘உ’ என்றும், ௭ என்பதை ‘எ’ என்றும், ௮ என்பதை ‘அ’ என்றும் படித்துவிட்டு, இங்கே எண்ணே இல்லையே என்று திரும்பிவிடுவார்கள். ௫ ‘ரு’ போலவும் ௬ ‘சு’ போலவும் தெரியும். அதைவிடக் குழப்புவது பழைய முறை எழுத்து. 1826 என்பதை ௧௮௨௬ என்று நாலு குறியில் எழுதினால் சிக்கல் இல்லை. பழைய முறையில் ௲௮௱௨௰௬ என்று ஆறு குறி வரும். ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. ‘ஆயிரத்து எட்டு நூற்று இரு பத்து ஆறு’ என்று வாய்விட்டுப் படித்தால் பிடிபடும். ‘மூன்றாவது இலக்கம்’ என்று குறிப்பு கேட்டு, நீங்கள் மூன்றாவது குறியான ௱ மீது விரலை வைத்துக்கொண்டு நின்றால், அங்கேயே வேட்டை முறிந்துவிடும். முதலில் முழு எண்ணையும் 1826 என்று மாற்றி எழுதிக்கொண்டு, அதற்குப் பிறகு இலக்கத்தை எடுங்கள்.

இரண்டாவது, கொல்லம் ஆண்டு. திருநெல்வேலிச் சீமைக் கல்வெட்டுகளிலும் பழைய ஓலைகளிலும் கொல்லம் ஆண்டு சகஜம். ஆண்டு ஆவணியில் பிறக்கும். கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் கி.பி.; ஆவணி முதல் மார்கழி நடு வரைக்கும் 824 கூட்டினால் போதும். நெல்லையப்பர் கோயிலையும் காந்திமதி அம்மன் கோயிலையும் இணைக்கும் சங்கிலி மண்டபத்தை வடமலையப்பப் பிள்ளையன் கட்டிய 1647ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆடி வரை அது கொல்லம் 822, ஆவணியிலிருந்து 823. சக ஆண்டு என்ற இன்னொரு பழைய கணக்கில் என்றால் 78 குறைந்து 1569. ஒரே ஆண்டுக்கு இப்படி மூன்று முகம். ஆண்டு மூன்றே இலக்கத்தில் இருந்தாலோ, கட்டடத்தின் வயதுக்குப் பொருந்தாமல் ரொம்பப் பழையதாகத் தெரிந்தாலோ கொல்லமா, சகமா என்று முதலில் பாருங்கள். பக்கத்தில் ‘கொல்லம்’ என்ற சொல் முழுதாகவோ சிதைந்தோ இருக்கும்.

மூன்றாவது, எழுத்து தேய்ந்து கண்ணுக்குப் பிடிபடாதது. இங்கேதான் கெடுதல் நடக்கிறது. சுண்ணக்கட்டி தேய்ப்பது, மாவு பூசுவது, எண்ணெய் தடவுவது, ஈரத் துணியால் துடைப்பது எதுவும் வேண்டாம். எண்ணெயும் மாவும் கல்லுக்குள் இறங்கிப் பாசி பிடிக்கும். தேய்க்கத் தேய்க்க மிச்சமிருக்கும் எழுத்தும் போய்விடும். தேவை சாய்ந்த வெளிச்சம், அவ்வளவுதான். போன் டார்ச்சைக் கல்லுக்கு நேராகப் பிடித்தால் எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரியும். அதையே பக்கவாட்டில், கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போகிற மாதிரிப் பிடித்தால் ஒவ்வொரு வெட்டுக்குள்ளும் நிழல் விழுந்து எழுத்து மேலெழும். இடது பக்கமிருந்து ஒரு படம், வலது பக்கமிருந்து ஒரு படம், மேலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்க ஒளியில் ஒளிந்திருந்த படுக்கைக் கோடு மேலிருந்து வரும் ஒளியில் தெரியும். காலை ஏழு எட்டு மணி வெயிலும் மாலை ஐந்து மணி வெயிலும் இதே வேலையைச் செய்துகொடுக்கும். கிளாரிந்தா ஆலயம் 1785இல் அர்ச்சிக்கப்பட்டது, ஊரார் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்பார்கள். அங்கே பக்கத்தில் கல்லறைகள் இருப்பதால் கையையும் காலையும் இன்னும் கவனமாக வையுங்கள். படம் எடுக்கலாம், கல்லின் மேல் சாயக் கூடாது.

எழுத்துகளை எண்ணினேன், ஆளுக்கு ஒரு விடை

திருநெல்வேலி என்பதில் கையால் எண்ணினால் ஆறு எழுத்து: தி, ரு, நெ, ல், வே, லி. அதையே கணினியில் போட்டு நீளம் கேட்டால் 12 என்று சொல்லும். மெய்யையும் உயிர்க்குறியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. பாளையங்கோட்டைக்குக் கையால் 7, கணினியில் 13. குறிப்பு தமிழில் இருந்தால் கையால் எண்ணியதே விடை என்று வைத்துக்கொள்ளுங்கள். சூத்திரத்தில் ஓர் இலக்கம் வர வேண்டிய இடத்தில் 12, 13 பொருந்தவும் பொருந்தாது.

பழைய ஆங்கிலக் கல்வெட்டுகளில் ஊர்ப்பெயர் இன்றைய எழுத்துக்கூட்டில் இருக்காது. டின்னவேலி என்று பத்து எழுத்தில் வெட்டியிருப்பார்கள், இன்றைக்குத் திருநெல்வேலி என்று எழுத ஆங்கிலத்தில் பதினொன்று வேண்டும். பாளம்கோட்டா பதினொன்று, இன்றைய பாளையங்கோட்டை பதின்மூன்று. கல்லில் இருப்பதை எண்ணுங்கள், மனதில் இருப்பதை எண்ணாதீர்கள்.

பாலத்தில் ஒன்று கூடுகிறது, அல்லது ஒன்று குறைகிறது

சுலோசன முதலியார் பாலம் 1843இல் திறந்தது. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்தவர் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து, டவுனையும் பாளையையும் தாமிரபரணிக்கு மேலே சேர்த்துவைத்தார். இன்றைக்கும் அதன் மேல் பஸ் ஓடுகிறது. இந்தப் பாலத்தை வேட்டையில் சேர்க்காமல் நெல்லையைச் சுற்றிக் காட்டினோம் என்று சொல்லவே முடியாது என்பது என் எண்ணம்.

இங்கே குறிப்பு கேட்பது கண்ணா (தண்ணீர் போகும் வளைவுத் திறப்பு), தூணா என்று பாருங்கள். பதினொரு கண் இருந்தால் நடுவில் நிற்கும் தூண் பத்துதான். இரு கரையிலும் பாலம் வந்து உட்காரும் சுவரையும் சேர்த்தால் பன்னிரண்டு. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று பேர் எழுதினால் மூன்று பேரும் ஒழுங்காகத்தான் எண்ணியிருக்கிறார்கள். பாலத்தின் மேல் நடந்துகொண்டு எண்ணாதீர்கள், கண் எதுவும் தெரியாது, லாரிக்கு ஒதுங்கவே நேரம் போய்விடும். கரையோரம் நின்று, ஒரு படம் எடுத்து, அதில் எண்ணுங்கள். கரைப்பக்கம் செடிகொடி மறைத்திருந்தால் ஒரு கண் விட்டுப்போகும். அடுத்த கரையிலிருந்து இன்னொரு படம் எடுத்தால் சரியாகிவிடும்.

அம்பு சுற்றிச் சுற்றி வருகிறது, தூரம் ஏறுகிறது, இறங்குகிறது

ரத வீதிகளில் இது சாதாரணம். இரண்டு பக்கமும் உயர்ந்த கட்டடம், ஒரு பக்கம் கோபுரமும் மதிலும். செயற்கைக்கோள் அலை நேரே வராமல் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. திரும்பி வந்தது தாமதமாக வந்தது. தாமதத்தைப் போன் தூரம் என்று கணக்குப் போடுகிறது. சந்து நடுவில் நின்று போனை ஆட்டுவதில் பயனில்லை. வானம் நாலு பக்கமும் தெரியும் ஓர் இடத்துக்கு, வாகையடி முக்கு மாதிரி ஓர் இடத்துக்குப் போய், ஓரிரு நிமிடம் அசையாமல் நின்று எண் நிலைபெறும் வரை காத்திருங்கள். அங்கிருந்து மிச்சத் தூரத்தைக் குறிப்பில் உள்ள அடையாளத்தை வைத்து நடந்து போங்கள்.

ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் கோளாறு வேறு மாதிரி. மேல்தட்டு, கீழ்த்தட்டு, அதற்கும் கீழே தரை, மூன்றுக்கும் கோஆர்டினேட் ஒன்றே. ‘0 மீட்டர்’ என்று காட்டும், நீங்களோ ஒரு தட்டு மேலே நிற்பீர்கள். கீழ்த்தட்டில் தலைக்கு மேல் கான்கிரீட் இருப்பதால் அலையும் நொண்டும். குறிப்பில் தட்டு சொல்லியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சொல்லவில்லை என்றால், நின்று தேட முடிகிற இடம் தரை மட்டும்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஓடும் வண்டிக்கு நடுவே யாரும் எதையும் தேடக் கூடாது.

தூரம் சரியாகக் குறைகிறது, திசை மட்டும் தப்பு என்றால் திசைகாட்டியைச் சந்தேகியுங்கள். போன் உறையில் காந்தப் பூட்டு இருந்தால் கழற்றிவிடுங்கள். தண்டவாளம், இரும்புக் கிராதி, பைக் டாங்க் பக்கத்திலிருந்து விலகி நின்று, போனை எட்டுப் போடுவது போல் காற்றில் சுழற்றுங்கள். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தைச் சிலர் பெரிதாகச் சொல்வார்கள். நம் பக்கம் அது ஓரிரு டிகிரிதான். நூறு மீட்டருக்கு மூன்று நாலு மீட்டர் விலகும், அதற்கு மேல் அதன் மீது பழி போட முடியாது.

அம்பு ஆற்றுக்குள் இழுக்கிறது

பெட்டி எதிர்க்கரையில் இருக்கிறது. அம்பு நேர்கோட்டில் காட்டும், அதற்கு ஆறு தெரியாது. வழிகாட்டும் செயலியோ எண்ணுக்கு மிக அருகில் உள்ள சாலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு ‘வந்துவிட்டீர்கள்’ என்று சொல்லும்; அந்தச் சாலை ஆற்றின் இந்தப் பக்கமாகக்கூட இருக்கலாம். வரைபடத்தைச் செயற்கைக்கோள் படமாக மாற்றிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். பாலத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். இடுப்பளவுதானே என்று இறங்க வேண்டாம். பாபநாசம் பக்கம் அணையில் திறந்த தண்ணீர் இங்கே வந்து சேர்வதற்கு இங்கே மழை பெய்ய வேண்டியதில்லை.

குறுக்குத்துறையை வேட்டையில் சேர்த்திருந்தால் ஐப்பசி முதல் மார்கழி வரை கட்டமே தண்ணீருக்குள் போகலாம். முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. வெள்ளம் வந்தால் உற்சவரை மேலக்கோயிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். தண்ணீர் கோயிலை மூடிப் போகும், வடிந்த பிறகு கோயில் அப்படியே இருக்கும். கல் நிற்கும், நாம் வைத்த அட்டை நிற்காது. 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆற்றங்கரைக் கட்டத்தில் எண் ஏதும் கிடைக்கவில்லை என்றால் வேட்டையை அமைத்தவரிடம் அந்த எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்ததற்குப் போங்கள். அமைப்பவர் மழைக்காலத்துக்கென்று கரைமேல் ஒரு மாற்றுக் கட்டம் வைத்திருக்க வேண்டும்.

கோயிலுக்குள் எண் இருக்கிறது, கையில் போன் இல்லை

கோயில்களுக்குள் கைபேசி கூடாது என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது. கோயில் கட்டத்துக்குக் குறிப்பைத் தாளில் எழுதி, பேனாவோடு போங்கள். மதியம் நடை சாத்தும் நேரத்தில் போய் நிற்காதீர்கள்; காலையிலேயே கோயிலை முடித்துவிட்டு வெயில் ஏறுவதற்குள் பாளைக்குப் போகும்படி வரிசையை அமைப்பது நல்லது. மணி மண்டபத்து இசைத் தூண்களைத் தட்டிப் பார்க்கச் சொல்லும் குறிப்பு எதுவாக இருந்தாலும் அந்தக் கட்டத்தை விட்டுவிடுங்கள். தட்டித் தட்டியே தேய்ந்துபோகும் கல் அது. எண்ண வேண்டியதை எட்ட நின்று எண்ணலாம்.

பலகையே காணோம்

வர்ணம் அடித்துவிட்டார்கள், சுவரொட்டி ஒட்டிவிட்டார்கள், கும்பாபிஷேகத்துக்குச் சாரம் கட்டியிருக்கிறார்கள், அல்லது பழைய பலகையை எடுத்துவிட்டுப் புதிதாக ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். தேடுபவர் செய்ய முடிவது, பழைய படம் யாரிடமாவது இருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே. கல்லில் வெட்டியதையே எண்ணுக்கு எடுக்க வேண்டும்; வர்ணத்தில் எழுதியது ஒரு திருவிழாவைத் தாண்டாது.

படமே குறிப்பு என்று சொல்லி, படத்துக்குள் இடம் பதிந்திருக்கும் என்றார்கள், ஒன்றும் இல்லை என்றால் அது வாட்ஸ்அப்பில் படமாக வந்திருக்கிறது. வழியில் இடத் தகவல் உதிர்ந்துவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

திருநெல்வேலி மாவட்டத்தில் அந்த ஊரே இல்லை என்கிறது செயலி

குறிப்பு பழைய சீமையைச் சொல்கிறது, செயலி இன்றைய எல்லையைச் சொல்கிறது. தூத்துக்குடி 1986இலும் தென்காசி 2019இலும் தனி மாவட்டமாயின. கயத்தாறு, கழுகுமலை, ஆதிச்சநல்லூர் மூன்றும் இப்போது தூத்துக்குடியில். தேடும்போது மாவட்டப் பெயரை எடுத்துவிட்டு ஊர்ப்பெயரை மட்டும் அடியுங்கள்.

ஆதிச்சநல்லூரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டி ஆராய்ந்த பறம்பு அது; 114 ஏக்கரும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நடந்தாலே காலில் பானை ஓடு இடறும். எண்ணைத் தகவல் பலகையிலிருந்து மட்டும் எடுங்கள். ஓடு ஒன்றைக்கூட எடுத்துப் பார்த்து வேறு இடத்தில் வைக்காதீர்கள். எந்த இடத்தில் எது கிடந்தது என்பதுதான் ஆய்வாளருக்குச் சான்று. பெட்டி இங்கே மண்ணுக்குள் இருக்குமோ என்று தோன்றினால் கணக்கு தவறு என்று அர்த்தம், முந்தைய கட்டத்துக்குத் திரும்பிப் போங்கள். 1958ஆம் ஆண்டு தொல்சின்னச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. இதைச் சட்டத்துக்குப் பயந்துதான் செய்ய வேண்டும் என்றில்லை. நம் ஊர் மண்ணைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னும் அந்த மண்ணுக்குள்தான் இருக்கிறது.

தேடிக்கொண்டிருக்கும்போது ஆள் கூடிவிட்டது

“என்ன அண்ணாச்சி, எதையும் தொலைச்சிட்டியளா?” என்று யாராவது கேட்பார்கள். நம் ஊரில் கேட்காமல் போகமாட்டார்கள். மழுப்பாமல் உள்ளதைச் சொல்லுங்கள்: “இல்லண்ணாச்சி, பழைய எடங்களச் சுத்திப் பாக்கிற ஒரு வெளையாட்டு. இந்தக் கல்லுல உள்ள வருசத்த எழுதிக்கிட்டு இருக்கோம்.” தாளையும் காட்டுங்கள். பாதி நேரம் அவரே உட்கார்ந்து, அந்தக் கல்லுக்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்பதுவரை சொல்லிவிடுவார். காவலர் கேட்டாலும் இதே பதில்தான். பெயர், ஊர், யார் அமைத்த வேட்டை என்று சொல்லிவிட்டு, அவர் போகச் சொன்னால் போய்விடுங்கள். கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகம், ரயில் நிலையம், நீதிமன்றம் பக்கத்தில் யாரும் பெட்டி வைக்கக் கூடாது. ஆள் நடமாடும் இடத்தில் கேட்பாரற்ற டப்பா கிடந்தால் ஊரே கலங்கும். மற்ற இடத்திலும் பெட்டி உள்ளே இருப்பது தெரியும்படி கண்ணாடி போன்ற டப்பாவாக, வெளியில் ‘ஜியோகேச், விளையாட்டுப் பெட்டி’ என்று தமிழில் எழுதியதாக இருக்க வேண்டும்.

இடம் சரி, கணக்கு சரி, கடைக்காரரும் ஆமாம் என்கிறார், பெட்டி மட்டும் இல்லை

இப்போதுதான் தரையைப் பார்க்க வேண்டும். அதுவும் கண்ணால். கடைசியாகக் கண்டுபிடித்தவர் எப்போது பதிவு போட்டிருக்கிறார் என்று பாருங்கள்; மழைக்கு முந்தியது என்றால் பெட்டி போயிருக்க வாய்ப்பு அதிகம். கடைக்காரர் துப்புரவு செய்யும்போது உள்ளே எடுத்து வைத்திருக்கலாம், கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் ‘கிடைக்கவில்லை’ என்றே பதிவு செய்து, எந்தக் கட்டம் வரை எண் சரியாக வந்தது என்பதையும் எழுதுங்கள். விடையை எழுதிவிடாதீர்கள். பெட்டி காணாமல் போய்விட்டது என்று நீங்களாக ஒரு புதுச் சம்படத்தை அங்கே வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடவும் வேண்டாம். பழையது இரண்டடி தள்ளி இருந்தால் அடுத்து வருகிறவருக்கு இரண்டு பெட்டியாகிவிடும்.

பெட்டி கிடைத்து, உள்ளே தாள் ஊறிக் கூழாகியிருந்தால் கையெழுத்துப் போட முயலாமல் படம் எடுத்து அமைத்தவருக்கு அனுப்புங்கள். சம்படத்தைத் துடைத்து, காய்ந்த தாள் ஒன்றைச் சிறிய பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். பென்சில்தான் நல்லது, பேனா மை ஈரத்தில் ஊறிவிடும். மூடியின் ரப்பர் வளையத்தில் மணல் ஒட்டியிருந்தால் தட்டிவிட்டு மூடுங்கள்; தண்ணீர் உள்ளே போவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.